ஆட்டுக்கு முன்னால் கயிறு

ஹூஸ்டனில் மகள் வீட்டுக்குப் போயிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மார்ச் மாத ரோடியோவைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஆறு வயதுப் பேரனுக்கு சோபாக் கைப்பிடிதான் குதிரையாம். அடுத்த வருஷம் ஆட்டின் மேல் ஏறியே தீருவேன் என்று அடம் பிடிக்கிறானாம். விடலாமா என்று கேட்கிறார்.

ரோடியோவின் கௌபாய், முரட்டுக் காளை, 8 வினாடிச் சவாரி எல்லாம் ஆங்கிலப் படம் பார்த்தவர்களுக்குத் தெரிந்ததுதான். ஜல்லிக்கட்டோடு ஒப்பிட்டுப் பேசவும் ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் பிள்ளைகள் பக்கம் வருகிறேன். அமெரிக்க மேற்கு மாநிலங்களில் ரோடியோவுக்குச் சின்ன வயதிலேயே பழக்குகிறார்கள். கொலராடோவில் 1952-ல் சிறுவர்களுக்கென்றே தொடங்கிய 'லிட்டில் பிரிட்சஸ்' ரோடியோ இன்றும் நடக்கிறது. 1949-ல் உருவான உயர்நிலைப் பள்ளி ரோடியோ சங்கத்தின் போட்டிகளில் இறங்க, பாடத்திலும் தேறியிருக்க வேண்டும்.

பேரன் கேட்பது 'மட்டன் பஸ்டிங்', அதாவது செம்மறிச் சவாரி. ஐந்து முதல் ஏழு வயதுக்குள், எடை 25 கிலோவுக்குள் இருக்கும் பிள்ளைகளைத்தான் பெரும்பாலும் ஏற்றுகிறார்கள். சேணம், கடிவாளம் எதுவும் கிடையாது. குப்புறப் படுத்துக் கழுத்துக் கம்பளியை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். கூண்டு திறந்ததும் ஆடு தன் மந்தையைத் தேடி ஓடும். ஆறு வினாடி தாக்குப்பிடித்தால் போதும்; பல பிள்ளைகள் அதற்குள் பக்கவாட்டில் சரிந்து மண்ணைக் கவ்விவிடுவார்கள். முகக்கம்பி வைத்த ஹெல்மெட்டும் காப்புச் சட்டையும் போட்டுத்தான் ஏற்றுகிறார்கள். அந்தச் சட்டைக்கு ஒரு சாவு காரணம். 1989-ல் ஷயான் நகரில் லேன் ஃபிராஸ்ட் என்ற வீரர், சவாரியை முடித்து இறங்கிய பிறகு காளை முட்டி இறந்தார். வயது 25. அவருடைய நண்பர் கோடி லாம்பர்ட் அதன்பின் உருவாக்கியதுதான் காளைச் சவாரிக்காரர்களின் காப்புச் சட்டை.

எனக்கு இந்த ஆட்டுச் சவாரியில் மனம் ஒட்டவில்லை. ஆடு பயந்து ஓடுகிறது, பிள்ளை விழுகிறது, கூட்டம் சிரிக்கிறது, அப்பா வீடியோ எடுக்கிறார். ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பும் சிறுவர்களின் ஆட்டுச் சவாரியை ஏற்பதில்லை.

என்னைக் கவர்ந்தது 'பிரேக்அவே' என்ற கயிறு வீச்சு. ஓடும் கன்றின் கழுத்தில், குதிரை மேலிருந்தபடி சுருக்கை வீச வேண்டும். கயிற்றின் மறுமுனையைச் சேணத்தின் கொம்பில் நேராகக் கட்டுவதில்லை. நடுவில் ஒரு துண்டு நைலான் நூல், பக்கத்திலேயே பளிச்சென்று ஒரு துணி. சுருக்கு விழுந்ததும் குதிரை சட்டென்று நிற்கும், கன்று ஓடிக்கொண்டே இருக்கும். கயிறு விறைத்த கணத்தில் நூல் அறுந்து துணி பறக்கும். நடுவர் கொடியை இறக்க, கடிகாரம் நிற்கும். கன்று கயிற்றை இழுத்துக்கொண்டே போய்விடும். அதைக் கீழே சாய்ப்பதோ காலைக் கட்டுவதோ கிடையாது. தேர்ந்தவர்களுக்கு எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று வினாடி வேலை. ஒரு முழம் தேறாத நூலை வைத்து ஆட்டத்தின் முரட்டுத்தனத்தைக் குறைத்த அந்த மூளையை மெச்சத்தான் வேண்டும்.

இதைப் பழக ஆரம்பத்தில் குதிரையும் வேண்டாம், கன்றும் வேண்டாம். வைக்கோல் கட்டில் கொம்பு வைத்த பிளாஸ்டிக் மாட்டுத்தலையைச் செருகி, வீட்டு வாசலிலேயே பிள்ளைகள் மாலை முழுக்க வீசிக்கொண்டிருப்பார்கள். நீச்சல் பழகக் கிணற்றில் இறக்குமுன் எங்கள் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிவிடுவார்களே, அந்த மாதிரிதான். மணிக்கட்டு பழகிய பிறகே குதிரை. குதிரை வந்தால் தண்ணீர் காட்டுவது, சாணி அள்ளுவது, குளம்பு சுத்தம் செய்வது எல்லாம் பிள்ளையின் பொறுப்பாக வேண்டும். போட்டி நாளில் மட்டும் மிருகத்தைப் பார்க்கிற பிள்ளைக்கு அது வெறும் விளையாட்டுச் சாமான்.

ஆசையைத் தடுக்காதீர்கள், அம்மா. குழந்தைக்கு ஏற்ற மெல்லிய கயிறு ஒன்று வாங்கிக் கொடுங்கள். பயிற்சிக்குச் சேர்ப்பதானால், பணம் கட்டுமுன் தொழுவத்துக்குள் ஒரு நடை போய்வாருங்கள். தண்ணீர்த்தொட்டி பாசி பிடித்துக் கிடந்தால் வேறு இடம் பாருங்கள்.