செங்கல்லுக்கு வயசு ரெண்டாயிரம்!

பழைய வீட்டை இடித்த செங்கல்லை சல்லிசாக வாங்கி யாராவது புது வீடு கட்டினால், 'கஞ்சப் பேர்வழி' என்று தெருவே சிரிக்கும். இங்கிலாந்தில் ஒரு சர்ச்சையே அப்படிக் கட்டியிருக்கிறார்கள் சார்!

லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் கோல்செஸ்டர். அங்கேதான் செயின்ட் பொட்டால்ஃப் மடம். கி.பி. 1100 வாக்கில் ஆரம்பித்தது. புனித அகஸ்டின் பெயரால் வழங்கும் விதிகளின்படி கூடி வாழ்ந்த பாதிரியார்களுக்கு, அந்த நாட்டில் அமைந்த முதல் மடங்களில் ஒன்று.

எஸ்ஸெக்ஸ் பக்கம் கட்டடத்துக்கு ஏற்ற கல் கிடையாது. தூரத்திலிருந்து கொண்டு வந்தால் வண்டிச் சத்தம் கொடுத்தே மடம் திவாலாகிவிடும். ஆனால், ஊர் பூரா ரோமானியர்கள் விட்டுப்போன இடிபாடு! பிஸ்கட் மாதிரி தட்டையான அந்தச் செங்கல்லையும் சிக்கிமுக்கிக் கல்லையும் வைத்தே வேலையை முடித்துவிட்டார்கள். கட்டிப் பிடிக்க ஒரு ஆள் பத்தாத உருண்டைத் தூண்கள்கூட அந்தச் சரக்குதான்.

மேற்கு முகப்பில்தான் கொத்தனார் கைவரிசை. ஒவ்வொரு வளைவும் பக்கத்துத் தூணைத் தாண்டி அடுத்த தூணில் இறங்குகிறது. ஒன்றையொன்று வெட்டும் இடத்திலெல்லாம் கூர் வளைவு தானாக முளைக்கிறது... பின்னல் கோலம்தான்! இன்று நாம் வாய் பிளந்து பார்க்கும் அந்தச் செங்கல் சிவப்பை, கட்டினவர்கள் சுண்ணாம்புப் பூச்சில் மறைத்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

1536-ல் எட்டாம் ஹென்றி மன்னர் மடத்தை மூடினார். பாதிரியார்கள் புழங்கிய கிழக்குப் பகுதி போயிற்று. மேற்குக் கூடம் ஊர் ஜனங்கள் கும்பிடும் இடம் என்பதால் தப்பியது. அதுவும் 112 வருஷம்தான். 1648 உள்நாட்டுப் போரில் பார்லிமென்ட் படை பதினோரு வாரம் ஊரை முற்றுகையிட்டது. உள்ளே ஜனங்கள் நாய், பூனையைத் தின்னும் நிலைமை. பீரங்கிக் குண்டில் கூடமும் நொறுங்கியது. (மடத்துப் பாதிரியாருக்கும் 'கேனன்', பீரங்கிக்கும் 'கேனன்'. இங்கிலீஷ்காரன் தலைவிதி!)

அதற்கப்புறம் அந்த வட்டாரத்து ஜனங்களுக்குச் சொந்தமாக ஒரு சர்ச் இல்லை. செத்தவர்களை மட்டும் இடிபாட்டுக்கு நடுவிலேயே புதைத்து வந்தார்கள். பக்கத்திலேயே புது சர்ச் எழும்பியது 1837-ல்! செங்கல்லில்தான். இந்தத் தடவை புதுச் செங்கல்.