எரிசாராயம் கலந்த பெட்ரோல்

ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு மோட்டார் சைக்கிளிலும் காரிலும் நாள்தோறும் சென்று வருவோர் பலர். எத்தனால் கலந்த பெட்ரோலால் எஞ்சினின் சக்தி பெருகும் என்பாரும், எஞ்சினே பாழாகும் என்பாரும் இவர்களிடையே உளர். இரு கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு.

எத்தனால் என்பது கரும்பு ஆலையின் கழிவுப்பாகு, உடைந்த அரிசி, மக்காச்சோளம் முதலியவற்றைப் புளிக்கவைத்து வடிக்கும் எரிசாராயமே. இதனை மோட்டாருக்குப் பயன்படுத்த 1948-லேயே நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. 2003-ல் சில மாநிலங்களில் 5 சதவிகிதமாகத் தொடங்கிய கலப்பு, 2022-ல் 10 சதவிகிதத்தையும் 2025-ல் 20 சதவிகிதத்தையும் எட்டியது.

எஞ்சின் உருளையில் பெட்ரோலும் காற்றும் எவ்வளவு அமுக்கப்படுகின்றனவோ அவ்வளவு சக்தி கிடைக்கும். அமுக்கம் அளவு மீறினால் கலவை தானே வெடித்து எஞ்சின் தட்டும். இத்தட்டலைத் தடுக்கும் திறனையே ஆக்டேன் எண் குறிக்கிறது. சாதாரண பெட்ரோலுக்கு இவ்வெண் 91; 20 சதவிகிதக் கலப்புக்கு 95. மேலும், எத்தனால் ஆவியாகையில் வெப்பத்தை உறிஞ்சி உட்புகும் காற்றைக் குளிரச் செய்கிறது. எனவே, அதிக அமுக்கத்துக்கென்றே அமைத்த எஞ்சினில் சக்தி கூடுவது மெய். அமெரிக்காவின் இண்டி பந்தயக் கார்கள் 2007-ல் எத்தனாலுக்கு மாறின.

நம் பழைய வண்டியின் நிலை வேறு. அதன் அமுக்கம் மாறாதாகையால் ஆக்டேன் கூடியும் பயனில்லை. எத்தனாலின் வெப்ப ஆற்றலோ லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். கலப்பில்லாப் பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவிகிதக் கலப்புக்குச் சரிசெய்த வண்டிகள் 20 சதவிகிதக் கலப்பில் ஓடுகையில், மோட்டார் சைக்கிளில் 3 முதல் 4 சதவிகிதமும் காரில் 6 முதல் 7 சதவிகிதமும் மைலேஜ் குறையும் என 2021-ல் நிதி ஆயோக் அறிக்கை மதிப்பிட்டது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடிய மோட்டார் சைக்கிள் 48 ஓடினால் மெக்கானிக்கை நொந்துகொள்வதில் பொருளில்லை.

வேகத்தை விரும்பித் தாமே ஸ்பிரிட் வாங்கி டாங்கில் ஊற்றுதல் கூடவே கூடாது. கார்புரேட்டர் வண்டியில் காற்றுக்கேற்ற எரிபொருள் கிட்டாமல் எஞ்சின் சூடேறும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் அவ்வப்போது பார்த்து, உப்பியோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பகுதியினர் அஞ்சவேண்டியது தண்ணீருக்கே. டாங்கில் தண்ணீர் மிகுந்தால் அது எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் தங்கும். எஞ்சினுக்கு முதலில் செல்வதும் அதுவே. டாங்கு மூடியின் ரப்பர் வளையத்தை மழைக்கு முன்பே சோதித்தல் நன்று. தண்ணீர் புகுந்ததாக ஐயம் எழுந்தால், வண்டியை உதைத்துக்கொண்டிராமல் டாங்கை முழுவதும் வடித்துவிட வேண்டும்.