கொள்கலன் நிறையுமா? கிராமத்துக்கு வந்த ஒரு சந்தை ஆய்வு

பெருநிலப்பரப்பிலுள்ள ஒரு கிராமம். போர்க்காலத்தில் மூன்று முறை இடம்பெயர்ந்து, 2009இன் பின்னர் மீண்டும் தம் காணிகளில் கொட்டில் போட்டு வாழத் தொடங்கிய ஏறத்தாழ அறுபது குடும்பங்கள். பெரும்போகத்தில் நெல், சிறுபோகத்தில் எள்ளு. 2023ஆம் ஆண்டு அந்தக் கிராமத்துக்கு ஒரு முகவர் வந்தார். “உங்கள் எள்ளை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பலாம். கொள்வனவாளர் தயாராக இருக்கிறார். பத்திரங்கள் ஆயத்தம் செய்வதற்கு மட்டும் முற்பணம் தாருங்கள்” என்றார். சந்தை வியாபாரி கொடுக்கும் விலையைப்போல் இரண்டு மடங்கு கிடைக்கும் என்றும் சொன்னார்.

சங்கம் கூடியது. சில தாய்மார் நகைகளை ஈடு வைக்கவும் முன்வந்தனர். அப்போது மாதர் சங்கத்து மூதாட்டி ஒருவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: “உந்த வெளிநாட்டுக்காரன் எங்கட எள்ளைக் கண்டவனோ?” எவரிடமும் பதில் இல்லை. நம்மிடமும் இல்லை.

பதில் தேட ஆள் வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். விவசாயம் படிக்கும் இறுதி வருட மாணவி ஒருவர் தமது உள்ளகப் பயிற்சிக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். ஆறு வாரத்துக்கு அவரைச் சங்கத்துடன் இணைத்தோம். தங்குமிடமும் சாப்பாடும் ஒரு குடும்பம் கொடுத்தது. பஸ் கட்டணத்தைச் சங்கம் கொடுத்தது. வேலை ஒன்றே ஒன்று: நமது எள்ளுக்கு வெளியே சந்தை உண்டா, உண்டென்றால் எந்த நிபந்தனையில் என்று கண்டுபிடிப்பது.

சந்தை ஆய்வு என்பது என்ன?

சந்தை ஆய்வு என்றதும் பெரிய கம்பனிகளுக்குரிய காரியம் என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். உண்மையில் அது நான்கு கேள்விகளுக்கு விடை தேடுவதுதான். யார் வாங்குகிறார்? எவ்வளவு வாங்குகிறார்? என்ன தரத்தில் கேட்கிறார்? அவரிடம் நமக்கு முன்னரே விற்றுக்கொண்டிருப்பவர் யார்?

உலக வர்த்தகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. உலக சுங்க அமைப்பு வகுத்த இந்த முறை 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. எள்ளின் எண் 1207.40. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால், எந்த நாடு எவ்வளவு எள்ளை, எங்கிருந்து, என்ன பெறுமதிக்கு இறக்குமதி செய்தது என்பதைப் பார்க்கலாம். ஜெனீவாவிலுள்ள சர்வதேச வர்த்தக நிலையம் இத்தகவல்களைத் திரட்டி வைத்திருக்கிறது. நெதர்லாந்து அரசு 1971இல் தொடங்கிய சி.பி.ஐ. என்ற நிறுவனம் வளர்முக நாட்டு ஏற்றுமதியாளருக்காகச் சந்தைக் கற்கைகளை இலவசமாக வெளியிடுகிறது. நமது நாட்டில் 1979ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான ஏற்றுமதி அபிவிருத்திச் சபை உண்டு. கதவுகள் திறந்தே இருக்கின்றன. ஆனால் அவை ஆங்கிலத்திலும் கணினியிலும் இருப்பதால் நமது கமக்காரருக்குப் பூட்டிய கதவுகளாகவே தோன்றுகின்றன. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவியாக ஒரு மாணவர் இருக்கலாம்.

மாணவி கண்டவை

முதலாவது கணக்கு. இருபது அடிக் கொள்கலன் ஒன்றில் ஏறத்தாழ 19 தொன் எள்ளு ஏற்றப்படும். ஓர் ஏக்கரில் 250 கிலோ கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொள்கலன் நிறைய 76 ஏக்கர் வேண்டும். கிராமத்தில் எள்ளு விதைத்திருந்தது 60 ஏக்கர். நல்ல வருடத்தில் 15,000 கிலோ. விதைக்கும் வீட்டுக்கும் எடுத்து, சுத்தம் செய்து கழித்தால் இன்னும் குறையும். ஆக, முகவர் பேசிய கொள்கலனை இந்தக் கிராமம் தனியே நிரப்பவே முடியாது. கரும்பலகையில் இக்கணக்கை எழுதியபோது சபையில் ஒரு மௌனம்.

இரண்டாவது, போட்டியாளர். உலகில் அதிக எள்ளை இறக்குமதி செய்யும் நாடு சீனா. யப்பான் தனக்கு வேண்டிய எள்ளில் ஏறக்குறைய முழுவதையும் வெளியிலிருந்தே வாங்குகிறது. ஆனால் இச்சந்தைகளுக்குச் சூடான், எதியோப்பியா, தன்சானியா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து எள்ளு கப்பல் கப்பலாகப் போகிறது. அவர்களோடு மலிவில் போட்டியிட்டு வெல்ல அறுபது ஏக்கரால் இயலாது. தரத்தால் மட்டுமே நமக்கு ஓர் இடம் கிடைக்கக்கூடும்.

மூன்றாவது, தரம். 2020 செப்டெம்பரில், இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன எள்ளில் எதிலீன் ஒட்சைட்டு என்ற நச்சு வாயுவின் எச்சம் கண்டுபிடிக்கப்பட்டது. கிருமிகளை அழிக்கப் பயன்படுத்தப்படும் இந்த வாயுவை உணவுப்பொருளில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் இடமளிப்பதில்லை. எள்ளில் ஒரு கிலோவுக்கு 0.05 மில்லிகிராமே எல்லை. எத்தனையோ பண்டங்கள் கடைகளிலிருந்து மீளப்பெறப்பட்டன. அடுத்த மாதமே இந்திய எள்ளுச் சரக்குகளில் பாதியை எல்லையில் பரிசோதிக்கும் விதி வந்தது. சில ஆபிரிக்க நாடுகளின் எள்ளு, சல்மொனெல்லாக் கிருமிக்காக இப்படியே பரிசோதிக்கப்படுகிறது.

இது நமக்கு என்ன சொல்கிறது? நாம் எள்ளுக் கதிரைத் தெருவோரத்தில் காயப்போடுகிறோம். ஆடு, மாடு, கோழி அதன்மேல் நடக்கின்றன. கிருமி அங்கேயே சேருகிறது. பின்னர் அதைப் போக்க வாயு அடித்தால் வாயுவே குற்றமாகிறது. படங்கு விரித்து, வேலி அடைத்து, சுத்தமான இடத்தில் காயவிடுவதே செலவு குறைந்த பரிகாரம். ஏற்றுமதி துறைமுகத்தில் தொடங்குவதில்லை, களத்தில் தொடங்குகிறது.

பாழ் கிடந்த காணி

நான்காவதாக மாணவி கொண்டுவந்த செய்திதான் நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது.

‘சேதன விவசாயம்’ என்ற சொல்லே நமது கமக்காரருக்குக் கசப்பானது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டது. அவ்வருடம் நவம்பரில் தடை தளர்த்தப்படுவதற்குள் வயல்கள் விளைச்சலை இழந்துவிட்டன. ஆயத்தமின்றித் திணித்ததன் விலையை விவசாயிகளே கொடுத்தனர். ஆனால் விரும்பி, திட்டமிட்டு, வாங்குபவரை அறிந்து செய்வது வேறு காரியம்.

2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சேதன உற்பத்தி விதிகளின்படி, 5 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 12 ஏக்கருக்கு மேற்படாத சிறு கமக்காரர் ஒரு குழுவாகச் சேர்ந்து சான்றிதழ் பெறலாம். ஒரு குழுவில் 2,000 பேர் வரை இருக்கலாம். குழு சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். தமக்குள்ளே கண்காணிப்பு முறை வைத்திருக்க வேண்டும். சேர்ந்து விற்க வேண்டும். எள்ளு போன்ற பயிர்களுக்கு, விதைப்புக்கு முன் இரண்டு வருட மாற்றுக்காலம் உண்டு.

இங்கேதான் முக்கியமான ஒரு வாசகம் வருகிறது. அனுமதிக்கப்படாத இரசாயனம் எதுவும் குறைந்தது மூன்று வருடங்களாகப் படாத காணி என்று நிரூபித்தால், அந்தக் காலத்தையும் மாற்றுக்காலத்தில் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. இதை மாணவி வாசித்தபோது முதியவர் ஒருவர் எழுந்து, “பதினைஞ்சு வருசமாய்ப் பத்தை மண்டிக் கிடந்த காணியும் கணக்கிலை வருமோ, பிள்ளை?” என்றார்.

வரலாம். நாம் அழுதுகொண்டு விட்டுப்போன காணி, நம்மை அறியாமலே ஒரு மதிப்பைச் சேர்த்து வைத்திருக்கலாம். ஆனால் இது தானாகக் கிடைக்கும் சலுகை அல்ல. எழுத்திலே சான்று வேண்டும். சான்றிதழ் வழங்கும் நிறுவனம் வந்து பார்த்து ஏற்க வேண்டும். முகாம் இருந்த காணி, எண்ணெயும் கழிவும் ஊறிய காணி, திரும்பி வந்தபின் களைநாசினி அடித்த காணி ஆகியவற்றுக்கு இது பொருந்துமென்று எண்ணிவிடக் கூடாது. எனவே, இன்னும் காணி விடுபடாமல் உறவினர் வளவிலும் வாடகை வீட்டிலும் இருப்போருக்கு ஒரு வேண்டுகோள். காணி கையில் கிடைக்கும் நாளில், முதல் உரப்பை வாங்குவதற்கு முன், காணியின் நிலையை எழுதிப் பதிந்து, திகதியுடன் படமும் எடுத்து வையுங்கள். அதற்குச் செலவில்லை.

மாணவருக்கும் சில நிபந்தனைகள்

எல்லாப் பயிற்சியும் இப்படி முடிவதில்லை. முன்னர் ஒருமுறை வேறொரு கிராமத்தில் பயிற்சி மாணவர் இருவர் மூன்று மாதம் கேள்விக்கொத்து நிரப்பினர். ஆங்கிலத்தில் தடித்த அறிக்கை ஒன்று எழுதி, தமது நிறுவனத்துக்குக் கொடுத்துச் சித்தியடைந்தனர். கிராமத்தவர் அதன் ஒரு பக்கத்தையும் காணவில்லை. பிழை மாணவருடையது மட்டுமல்ல. நிபந்தனை வைக்காமல் விட்ட நாமும் அதில் பங்காளிகள்.

ஆகவே இப்போது நாம் சங்கங்களுக்குச் சொல்வது இதுதான். கேள்வியை நீங்கள் தீர்மானியுங்கள், மாணவர் விடை தேடட்டும். பயிற்சிக் காலத்தை அறுவடையோடு பொருந்த வையுங்கள். அறிக்கையின் சுருக்கம் இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதப்பட்டு, பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். திரட்டிய விபரங்களின் பிரதி சங்கத்தின் அலுமாரியில் இருக்க வேண்டும். ‘இப்போது ஏற்றுமதி வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையும் மாணவருக்கு இருக்க வேண்டும். இனிப்பான பதிலை எதிர்பார்த்தால் இனிப்பான பொய்யே கிடைக்கும்.

வடக்கில் இத்தகைய மாணவருக்குப் பஞ்சமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. போரினால் அதுவும் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணம் போய்த் திரும்பி வந்ததுதான். இடம்பெயர்வு என்னவென்று அதற்கும் தெரியும். நமது பிள்ளைகளில் பலர் அத்தகைய இடங்களில் படிக்கிறார்கள். கேட்டால் வருவார்கள். கேட்க வேண்டியது சங்கங்களின் கடமை.

பின்னர் நடந்தது

முகவரிடம் சங்கம் மூன்று விபரங்களை எழுத்தில் கேட்டது: கொள்வனவாளரின் பெயர், தர நிபந்தனை, பணம் செலுத்தும் முறை. அவர் மறுபடி வரவில்லை. கிராமத்தவர் அவ்வருடம் எதையும் ஏற்றுமதி செய்யவில்லை. படங்கில் காயவைத்து, புடைத்துச் சுத்தமாக்கிய எள்ளைச் சேர்த்து, ஒரே தொகையாக உள்ளூரிலேயே விற்றனர். தனித்தனியே விற்றதைவிடச் சற்றுக் கூடுதலான விலை கிடைத்தது. அயலிலுள்ள இரண்டு சங்கங்களோடு சேர்ந்தால் 76 ஏக்கரைத் தாண்டலாம் என்று பேச்சுத் தொடங்கியது. அது இன்னும் பேச்சாகவே இருக்கிறது. மழை, விலை, ஒற்றுமை மூன்றும் கூடிவர வேண்டும்.

மாணவி விடைபெற்ற நாளில் அந்த மூதாட்டி நம்மைப் பார்த்து, “சுவாமி, இந்தப் பிள்ளை படிக்க வந்ததோ, எங்களுக்குப் படிப்பிக்க வந்ததோ?” என்று கேட்டார். இரண்டும்தான் என்றோம். ஏற்றுமதி நடந்ததா என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. இல்லை. ஆனால் அந்தக் கிராமத்தில் ஒரு தாயின் தாலிக்கொடியும் ஈட்டுக்கடைக்குப் போகவில்லை. அடுத்த முகவர் வரும்போது என்ன கேட்க வேண்டும் என்பது அறுபது குடும்பங்களுக்கும் தெரியும். உங்கள் சங்கத்துக்கும் அது தெரிந்திருக்கட்டும்.