டப் இசையும் வீட்டு அறையும்

இசை வகைகளுள் சில, திறந்த வெளிக்கென்றே பிறந்தவை. யமேக்கா நாட்டிலே தோன்றிய டப் இசை அத்தகையது. ஆளுயரத்துக்கு அடுக்கிய ஒலிபெருக்கிப் பெட்டிகளின் முன்னே நின்று, காதால் மட்டுமன்றி நெஞ்சாலும் வயிற்றாலும் உணர்வதற்கென ஆக்கப்பட்ட இசை அது. இதனை வீட்டு அறையிலே கேட்க விரும்புவோர் இன்று பல நாடுகளிலும் உளர். அவருட் பலர், ஒலியைக் கூட்டக் கூட்டச் சுவையும் கூடும் என எண்ணுகின்றனர். அறைக்குள்ளே நடப்பதோ அதற்கு மாறானது. அது ஏன் என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் இவ்விசையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1950ஆம் ஆண்டுகள் தொட்டே கிங்ஸ்டன் நகர மக்கள், முற்றங்களிலும் தெருவோரங்களிலும் பெரும் ஒலிபெருக்கிகளை அமைத்து, இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்து ஆடி மகிழ்ந்தனர். அந்நகரிலே வானொலிப் பெட்டிகளையும் ஒலிபெருக்கிகளையும் செப்பனிட்டு வந்தவர் ஒஸ்போர்ன் ரடொக். 1941இல் பிறந்து 1989இல் மறைந்த இவரைக் கிங் டபி என்றே இசையுலகம் அறியும். 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே, பதிவு செய்யப்பட்ட பாடல்களை எடுத்து, ஒலிக்கலவை மேசையிலே அவற்றின் உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கினார் இவர். பாடகர் குரல் திடீரென மறையும். மேளமும் பேஸ் கிற்றாரும் மட்டும் எஞ்சி நடக்கும். மறைந்த குரலின் கடைசி அசை எதிரொலியாய் நீண்டு, தேய்ந்து அடங்கும். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை நீக்குவது என்பதிலேயே இக்கலையின் திறன் தங்கியிருந்தது. இரண்டு அடிகளுக்கு இடையே விடப்படும் வெறுமை, டப் இசையிலே ஒரு வாத்தியத்துக்குச் சமம்.

1985ஆம் ஆண்டு இவ்விசை ஒரு திருப்பத்தைக் கண்டது. முன்னர் கிங் டபியிடம் பணிபுரிந்த லொயிட் ஜேம்ஸ் என்னும் ஜாமி, வெய்ன் சிமித்தைப் பாடவைத்து 'அண்டர் மி ஸ்லெங் டெங்' என்ற பாடலை வெளியிட்டார். காசியோ எம்டி-40 என்ற சிறிய மின்னிசைப் பெட்டியில் முன்கூட்டியே அமைத்து வைக்கப்பட்டிருந்த தாளக்கட்டே அதன் அடித்தளமாயிற்று. அதை அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ என்னும் ஜப்பானியப் பெண்மணி. அதன் பின்னர் வாத்தியக்காரரின் இடத்தை மின்னணுக் கருவிகள் பெரிதும் பிடித்துக்கொண்டன. இங்கிலாந்திலே, 2023இல் காலமான ஜா ஷாகா, மாட் புரொபெசர் எனப் பெயர்பெற்ற நீல் பிரேசர் முதலியோர் வளர்த்த மரபு, கனத்த டிஜிட்டல் டப் இசைக்கு வழி திறந்தது.

இனி நமது அறைக்கு வருவோம். பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி, செக்கனுக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கின்றது. காற்றிலே ஒலி செக்கனுக்குச் சுமார் 1,130 அடி செல்லும். ஆகவே அத்தந்தி எழுப்பும் ஓர் அலையின் நீளம் 27 அடிக்கும் அதிகம். நமது அறையின் நீளமோ 12 அடி என்று கொள்வோம். இத்தகைய அறையிலே, செக்கனுக்கு 47 அதிர்வுகள் கொண்ட ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே மோதி மீண்டு, தன்னைத் தானே வலுப்படுத்திக்கொள்ளும். அந்த ஒரு சுருதி மட்டும் சுவரோரத்திலே பேரிரைச்சலாகவும், அறையின் நடுவிலே மிக மெலிந்தும் கேட்கும். ஒலிபெருக்கி நின்ற பின்னரும் அது சற்று நேரம் முழங்கிக்கொண்டேயிருக்கும்.

ஒலியைக் கூட்டுவதால் விளையும் கேடு இங்கேதான் உள்ளது. அறையின் முழக்கம் அடுத்த அடியோடு கலந்து, கலைஞர் விட்ட வெறுமையை நிரப்பிவிடுகின்றது. யன்னற் கண்ணாடியும் அலுமாரிக் கதவும் தாமும் சேர்ந்து அதிர்கின்றன. நீக்குவதிலே பிறந்த கலைக்குள், அறை வேண்டாதவற்றை மீண்டும் சேர்த்துவிடுகின்றது.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? ஒலிபெருக்கியை மூலையிலிருந்து வெளியே நகர்த்துங்கள். மூலையிலே தாழ்ந்த ஒலிகள் அளவுமீறிப் பெருகும். இருக்கையைச் சுவரோடு ஒட்டியும் போடவேண்டாம், நட்டநடுவிலும் போடவேண்டாம். ஒலிபெருக்கிக்கு அண்மையில் அமர்ந்தால், குறைந்த ஒலியிலேயே இசை தெளிவாக வந்து சேரும். ஒலியைக் குறைக்கும்போது தாழ்ந்த சுருதிகளே முதலில் மறைவது போலத் தோன்றும். அது மனிதச் செவியின் இயல்பு. பிளெச்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவர் 1933இலேயே இதனை அளந்து காட்டினர். ஆகையால் மொத்த ஒலியைத் தாழ்த்தி, பேஸ் திருகியை மட்டும் சிறிது உயர்த்துவது பொருந்தும். கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியை இதற்கு நம்பவேண்டாம். இத்துணை நீண்ட அலைகளை எழுப்பப் போதிய காற்றை அதனால் தள்ள இயலாது.

அயலவரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உயர்ந்த சுருதிகளைச் சுவர் பெரிதும் தடுத்துவிடும். தாழ்ந்தவையோ ஊடுருவிச் செல்லும். நீங்கள் முழு இசையையும் சுவைக்கையில், அடுத்த வீட்டிலே உறங்கும் குழந்தைக்கும் நோயாளிக்கும் கேட்பது ஓயாத இடிப்பொலி ஒன்றே. இரவு நேரத்திலே ஹெட்போன் அணிவது அவர்களுக்கு அமைதி தரும். ஆயினும் அதற்கும் அளவு உண்டு. வாரத்துக்கு 80 டெசிபல் ஒலியை 40 மணிநேரம் வரையும், 90 டெசிபல் ஒலியை 4 மணிநேரம் வரையுமே கேட்கலாம் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. பத்து டெசிபல் கூடினால், காலம் பத்தில் ஒன்றாய்ச் சுருங்குகின்றது. பேரொலியினாற் சிதைந்த உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் மனிதரில் மீண்டும் வளர்வதில்லை.

கலவை மேசையில் ஒருவர் கைவைத்து நீக்கி அமைத்த இசை, வீட்டை அடைந்ததும் இன்னுமொருவர் கைக்கு வருகின்றது. திருகியைப் பிடித்திருக்கும் அந்தக் கை கேட்பவருடையது. அறைக்கும் செவிக்கும் அயலுக்கும் ஏற்ற அளவிலே அதனைத் திருப்புகிறவர், இரண்டு அடிகளுக்கு இடையே உள்ள மௌனத்தையும் கேட்கப் பெறுவர்.