லேசர் மிஷின் வாங்கியாச்சு, அடுத்து என்ன?



போன மாதக் கூட்டத்தில் ஒரு குழுவின் பிரதிநிதி எழுந்து கேட்டார்: "மேடம், 22 ஆயிரம் போட்டு லேசர் மிஷின் வாங்கினோம். ஆனா முன்ன மாதிரி மரத்தை வெட்ட மாட்டேங்குது. இன்னொரு 15 ஆயிரம் கடன் கொடுத்தா பெரிய லேசரா மாட்டிடுவோம்."

கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன், நாங்கள் அந்த ஊருக்கே போய் மிஷினைப் பார்த்தோம். இப்போது வேறு சில குழுக்களும் இந்த மிஷினைப் பற்றி விசாரிப்பதால், அங்கே பார்த்ததையும் தெரிந்துகொண்டதையும் எல்லோருக்கும் எழுதுகிறோம்.

இது என்ன மிஷின்?

வெயிலில் பூதக்கண்ணாடியைப் பிடித்துக் காகிதத்தைக் கருக்கி விளையாடியிருப்போம் அல்லவா? கிட்டத்தட்ட அதே வேலைதான். வெயிலுக்குப் பதில் ஒரு சின்ன லேசர் டயோடு நீல நிற ஒளியைக் கொடுக்கிறது. முன்னால் இருக்கும் லென்ஸ் அந்த ஒளியை ஊசிமுனை அளவுக்குக் குவிக்கிறது. கம்ப்யூட்டர் சொல்லும் வழியில் அந்தப் புள்ளி நகர்ந்து மரத்தில் பெயரையோ படத்தையோ சுட்டு எழுதுகிறது. கீ செயின், பெயர்ப் பலகை, கல்யாணத்துக்குக் கொடுக்கும் சின்ன மரப்பெட்டி, கொட்டாங்குச்சிப் பொருட்கள் எல்லாவற்றிலும் எழுதலாம். மின்சாரச் செலவும் அதிகமில்லை. சின்ன மிஷின் ஒரு பழைய குண்டு பல்பு இழுக்கும் அளவுதான் இழுக்கும்.

வாங்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். பெட்டியின் மேல் 40 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கும். பல மிஷின்களில் அது லேசரின் பலம் கிடையாது. வெளியே வரும் ஒளியின் பலம் 5 வாட் அளவுதான் இருக்கும். "ஒளியா வெளிய வர்றது எத்தனை வாட்?" என்று கேட்டு, அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் நாங்கள் பார்த்தது

ஒரு உறுப்பினர் வீட்டின் உள்ளறையில், ஜன்னல் இல்லாத மூலையில், மர மேசைமேல் மிஷின் இருந்தது. மேசையெல்லாம் கருகிய கோடுகள். லென்ஸைக் கழற்றிப் பார்த்தால் அடுப்படிச் சுவர் மாதிரி புகை அப்பியிருந்தது. மிஷினை நகர்த்தும் பெல்ட் தொய்ந்து கிடந்தது. அதனால் வட்டம் போட்டால் முட்டை வடிவில் வந்தது. ஐந்து பேருக்கு ஒரே ஒரு பாதுகாப்புக் கண்ணாடி.

லென்ஸைச் சுத்தமான ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்தோம். பெல்ட்டை இழுத்துக் கட்டினோம். லேசருக்கும் மரத்துக்கும் இருக்க வேண்டிய இடைவெளியை, மிஷினோடு கொடுத்த அளவுக்கட்டையை வைத்துச் சரிசெய்தோம். முன்பு வெட்டாத அதே 3 மில்லிமீட்டர் ப்ளைவுட்டை மிஷின் நான்கே ஓட்டத்தில் வெட்டியது. "அப்ப லேசர் வீணாப் போகலையா?" என்று எல்லோரும் கேட்டார்கள். வீணாகவில்லை, பராமரிப்புதான் இல்லை.

அப்போதுதான் ஒரு உறுப்பினர் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். "ஒரு நாள் குழாயில தண்ணி வந்துடுச்சுன்னு குடத்த எடுத்துட்டுப் போயிட்டேன். திரும்பி வந்தா பலகை எரியுது. சாக்கைப் போட்டு அணைச்சேன். யார்கிட்டயும் சொல்லலை." இதைக் கேட்டதும் எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. பக்கத்து அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததாம்.

எதை முதலில் மாற்ற வேண்டும்?

மிஷினை மேம்படுத்துவது என்றாலே அதிக வாட் என்று நினைக்கிறோம். வரிசை அப்படி இல்லை.

1. கண்: இந்த வெளிச்சம் பட்டால் கண் இமைக்கும் முன்பே பார்வை போய்விடும். போனால் திரும்ப வராது. பளபளப்பான பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியும் அதே கெடுதியைச் செய்யும். வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. நம் மிஷினின் ஒளி 445 முதல் 455 நானோமீட்டர் வரை இருக்கும். கண்ணாடியில் அச்சிட்டிருக்கும் எண்கள் இந்த அளவுக்குப் பொருந்த வேண்டும். 'ஓடி' என்று போட்டிருக்கும் எண் 4 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அறையில் எத்தனை பேரோ அத்தனை கண்ணாடி வேண்டும். குழந்தைகளுக்கு அந்த அறையில் வேலையே இல்லை.

2. புகை: மரம் எரியும் புகையை நாள் முழுக்கச் சுவாசிப்பது விறகடுப்புப் புகைக்குச் சளைத்ததல்ல. பிசின் சேர்த்துச் செய்த எம்.டி.எஃப். பலகையின் புகை இன்னும் மோசம். வெல்டிங் பட்டறையில் தகரப் பெட்டி செய்து மிஷினை மூடுங்கள். பெட்டியிலிருந்து ஒரு குழாயும் விசிறியும் வைத்துப் புகையைச் சுவருக்கு வெளியே தள்ளுங்கள். பெட்டி இருந்தால் ஒளியும் வெளியே சிதறாது.

3. தீ: மிஷின் ஓடும்போது ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தண்ணீர் வந்தாலும், போன் வந்தாலும், விருந்தாளி வந்தாலும் முதலில் மிஷினை நிறுத்துங்கள். கை எட்டும் இடத்தில் சுவிட்சும், பக்கத்தில் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். தீப்பிடித்தால் முதலில் சுவிட்சை அணையுங்கள், பிறகுதான் மற்றது.

4. காற்று: லேசர் படும் இடத்தில் காற்று ஊதும் சின்ன பம்பு ஒன்றை மாட்டுங்கள். புகை ஒளியை மறைக்காது, லென்ஸில் படியாது, சின்னத் தீயும் அணையும். வெட்டும் ஓரம் கருக்காமல் வரும். எழுத்து வேலைக்கு மீன்தொட்டி பம்பே போதும். வெட்டும் வேலைக்குக் கொஞ்சம் பெரியது வேண்டும்.

5. அடித்தட்டு: தேன்கூடு மாதிரி ஓட்டை போட்ட இரும்புத் தட்டை, ஒரு தகரத்தின் மேல் வையுங்கள். அடியில் புகை தங்காது, மேசையும் கருகாது.

இந்த ஐந்தும் முடிந்த பிறகுதான் 10 வாட் லேசர். அதிலும், புது லேசருக்கு 24 வோல்ட் வேண்டும், நம்மிடம் இருக்கும் அடாப்டர் 12 வோல்ட் என்றால் ஓடாது. மாற்றி மாட்டினால் கருகிவிடும். வோல்ட், ஆம்பியர், பிளக், தாங்கும் எடை எல்லாம் பொருந்துமா என்று கேட்ட பிறகே பணம் கொடுங்கள்.

எதில் எழுதலாம், எதில் கூடாது?

மரம், ப்ளைவுட், மூங்கில், அட்டை, கொட்டாங்குச்சி, பெயிண்ட் அடித்த ஸ்டீல் பாட்டில் எல்லாம் சரி. கண்ணாடி போன்ற தெளிவான அக்ரிலிக்கில் நீல ஒளி அப்படியே ஊடுருவிப் போய்விடும், வெட்டாது.

"எவர்சில்வர் பாத்திரத்துல பேர் வெட்டலாமா?" என்று எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். இந்த மிஷினால் ஆகாது. பளபளப்பான பாத்திரம் ஒளியைத் திருப்பி அடிக்கும். பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் கைமிஷினே அதற்குச் சரி.

முக்கியமாக ஒன்று. ரெக்சின் பை தைக்கும் குழுக்கள் நம்மிடம் நிறைய உண்டு. மிச்சத் துண்டில் பெயர் போடலாமே என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். பெரும்பாலான ரெக்சின் பி.வி.சி. பூசிய துணி. அதைச் சுட்டால் நுரையீரலை அரிக்கும் அமில வாயு வரும். அதே வாயு மிஷினையும் துருப்பிடிக்க வைக்கும். என்ன பொருள் என்று தெரியாததை மிஷினில் வைக்காதீர்கள்.

தமிழ் எழுத்துக்கு ஒரு யோசனை

லேசர் ஜி.ஆர்.பி.எல். என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் சில மென்பொருள்களில் தமிழை நேராக அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். போனிலேயே பெயரை அழகாக அடித்து, படமாகச் சேமித்து, பிறகு ஏற்றுங்கள். மரத்தில் விழுந்த எழுத்தை ரப்பர் வைத்து அழிக்க முடியாது. அதனால் ஆர்டர் கொடுப்பவரிடம் பெயரை எழுதிக் காட்டி கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். புதுப் பொருள் வந்தால் மிச்சத் துண்டில் சின்னச் சின்னக் கட்டங்களாக, வேகத்தையும் பலத்தையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பாருங்கள். எண்களை அதிலேயே எழுதிச் சுவரில் மாட்டிவிட்டால், யார் வந்தாலும் வேலை செய்யலாம்.

கணக்கும் எழுத வேண்டும்

உதாரணத்துக்கு ஒரு கீ செயின் 30 ரூபாய்க்கு விற்கிறோம். மரமும் வளையமும் 9 ரூபாய் என்றால் மீதி 21 லாபம் என்று நினைக்கக் கூடாது. பத்தில் ஒன்று கருகி வீணாகும். உட்கார்ந்து பார்ப்பவருக்குக் கூலி உண்டு. லேசர் டயோடு நாளாக ஆக பலம் குறையும், ஒரு நாள் மாற்ற வேண்டும். அதற்காக ஒவ்வொரு விற்பனையிலும் 2 ரூபாயாவது தனியாக எடுத்து வையுங்கள். அடுத்த லேசரை அந்தப் பணத்தில் வாங்கலாம், கடன் வேண்டியதில்லை.

கடைசியில் அந்தக் குழுவுக்கு என்ன ஆச்சு?

15 ஆயிரம் கேட்டவர்கள் 9 ஆயிரத்தோடு திருப்திப்பட்டார்கள். கண்ணாடி, தகரப் பெட்டி, விசிறி, பம்பு, அடித்தட்டு எல்லாம் அதிலேயே முடிந்தது. மிஷின் இப்போது ஜன்னல் உள்ள முன்னறைக்கு வந்துவிட்டது. பெட்டியின் மேல் அவர்களே மரப்பலகையில் சுட்டு மாட்டிய முதல் வாசகம்: "தண்ணி வந்தா மிஷினை நிறுத்து." குடத்தோடு போன அந்த அக்காதான் அதை எழுதச் சொன்னாராம்.

நடந்த தவறை மறைக்காமல் சொன்ன அவருக்கு எங்கள் நன்றி. அவர் சொன்னதால்தான் மற்ற குழுக்களை எச்சரிக்க முடிந்தது. உங்கள் ஊரில் இந்த மிஷின் இருந்தால், அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் சத்தமாக வாசியுங்கள். பிறகு எல்லோரும் எழுந்து போய் லென்ஸைக் கழற்றிப் பாருங்கள்.