தானாக விழுந்தார் என்று எழுதவிடாதீர்கள்

என் நண்பர் ஒருவரின் ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு வரி இருக்கிறது: ‘சைக்கிளிலிருந்து தானாகக் கீழே விழுந்தார்.’ அது பொய். வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி நான்கு பேர் இறங்கிக்கொண்டிருந்தோம். எதிரே ஏறிவந்த பஸ்ஸை ஒரு கார் வளைவிலேயே முந்தியது. அதன் பக்கக் கண்ணாடி நண்பரின் ஹேண்டில்பாரைத் தட்டியது. அவர் தடுப்புச் சுவரில் மோதி விழுந்தார். கார் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பணியில் இருந்தவர், “ஆக்சிடென்ட்டா? அப்போ போலீசுக்குத் தகவல் போகும்” என்றார். அடிபட்டவரை வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு அலையவேண்டி வருமோ என்று பயந்துபோன எங்களில் ஒருவர், “இல்ல சார், அவரே விழுந்துட்டாரு” என்று சொல்லிவிட்டார். நல்ல மனசோடுதான் சொன்னார். காறை எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. பிளேட் வைத்தார்கள். நண்பர் இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. செலவு முழுக்க அவர் தலையில். சட்டம் அவருக்குக் கொடுத்திருந்த ஒவ்வொரு கதவையும் அந்த ஒரு வரி சாத்திவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆழியாறு அணையருகே இப்போது சைக்கிள்காரர்களை நிறையப் பார்க்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் விரிய விரிய ஏறுவது, ஒன்பதாவது வளைவில் நின்று வரையாடுகளைப் பார்ப்பது, கவர்கல் பக்கம் பனிமூட்டத்துக்குள் நுழைவது. இதற்கு ஈடான பாதை தென்னாட்டில் அதிகம் இல்லை. போங்கள். ஆனால் உங்கள் உரிமை எது, அது எங்கே நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இந்தச் சாலை ஆனைமலை புலிகள் காப்பகத்தின் ஊடே போகிறது. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது என்று சொல்கிற 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவே, பொதுச் சாலை வழியாகக் கடந்துபோகிறவருக்கு விலக்கும் தருகிறது. அதாவது தார்ச் சாலையில் போவது உங்கள் உரிமை. அந்த உரிமை சாலை ஓரத்தோடு முடிந்துவிடுகிறது. ஓடைச் சத்தம் கேட்டு சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே இறங்கினால் அது குற்றம். மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. வனவிலங்கு தாக்கி உயிரிழந்தால் தமிழக அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் தருகிறது. அத்துமீறிக் காட்டுக்குள் போனவர் விஷயத்தில் அதைக் கேட்டு வாங்குவது மிகக் கடினம். இன்னொன்று: வால்பாறைக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் வேண்டும். உங்களுக்குத் துணையாகப் பை, தண்ணீர் ஏற்றிக்கொண்டு கார் வருவதானால் அதற்கும் எடுத்துவிடுங்கள். சோதனைச்சாவடி மூடும் நேரத்தை அங்கேயே கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. காட்டில் அதுதான் ஆபத்து. லாரி வருவது யானைக்கு வெகு முன்பே தெரியும். நாம் வளைவு திரும்பி அதன் கண்முன்னே போய் நிற்கும்வரை அதற்குத் தெரியாது. திடுக்கிட்ட யானையும், காட்டுமாடும் யோசிக்காது. கண்ணை மறைக்கும் வளைவு ஒவ்வொன்றிலும் மணியடியுங்கள். யானை தெரிந்தால் தூரத்திலேயே நின்று, பஸ்ஸோ லாரியோ வரும்வரை காத்திருந்து, அதன் மறைவில் கடந்துவிடுங்கள். வால்பாறை மேட்டுநிலத்தில் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினரும் வனத்துறையும் சேர்ந்து, பக்கத்தில் யானை இருந்தால் எரிகிற சிவப்பு விளக்குகளைக் கம்பங்களில் வைத்திருக்கிறார்கள். செல்போனிலிருந்தே அவற்றை எரியவிடலாம். எஸ்டேட் மக்கள் அதைப் பார்த்தால் அந்தப் பக்கம் அடியெடுத்து வைக்க மாட்டார்கள். வெளியூரிலிருந்து வருகிற நமக்கும் அந்த விளக்குதான் கட்டளை. மாலை ஐந்து மணிக்குமேல் அந்தச் சாலையில் சைக்கிளோடு இருக்கவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

ஏறும்போது அடிபட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இறங்கும்போதுதான் எல்லாம் நடக்கிறது. பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம் கொதிக்கும், டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் பிரேக்கைத் தளர்த்தி, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடித்து இறங்க வேண்டும். பஸ்ஸுக்குக் கொண்டை ஊசி வளைவில் முழுச் சாலையும் தேவை, அதன் உள்பக்கம் நுழையாதீர்கள். மலைச்சாலையில் இடம் குறுகலானால் இறங்கும் வண்டிதான் ஒதுங்கி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இது பழக்கம் மட்டுமல்ல, 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. எதிரே வருவது தெரியாத வளைவில் முந்துவதும் அதன்படி தவறு. எங்கள் நண்பரை இடித்த கார் செய்தது அதைத்தான்.

சரி, அடிபட்டுவிட்டது. என்ன செய்வது?

முதலில் இடத்தைச் சொல்லத் தெரிய வேண்டும். 108-க்கு அழைத்து “வால்பாறை ரோட்டுல” என்றால் போதாது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எண் உண்டு. ‘பதினேழாவது வளைவுக்கும் பதினெட்டுக்கும் நடுவில்’ என்று சொன்னால் ஆம்புலன்ஸ் நேராக வந்து நிற்கும். ஏறும்போதே அந்த எண்களைக் கவனித்துக்கொண்டு போவது நல்லது. சிக்னல் இல்லையென்றால் கீழே போகும் பஸ் டிரைவரிடம் வளைவு எண்ணைச் சொல்லி அனுப்புங்கள். சைக்கிளை அசைப்பதற்கு முன் நாலு போட்டோ எடுத்துவிடுங்கள்: சைக்கிள் கிடந்த இடம், டயர் தடம், உடைந்த கண்ணாடிச் சில்லு, வளைவின் எண் பலகை. தூக்கிவிட ஓடிவந்தவர் கோர்ட், கேஸ் என்று பயந்தால் தைரியம் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவுப்படி உதவிக்கு வந்தவரைப் பெயர் சொல்லும்படிகூட யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

அடுத்தது ஆஸ்பத்திரி. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. காப்பீட்டு அட்டை தேவையில்லை. 2025 மே முதல் மத்திய அரசின் திட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகன விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை.

அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். என்பார்கள். எழுதுகிறவர் கேட்கும்போது நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: எத்தனை மணி, எந்த வளைவு, என்ன வண்டி, என்ன நிறம், எண் தெரிந்தால் எண், தெரியாவிட்டால் ‘அடையாளம் தெரியாத கார்’. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். போலீசுக்குத் தகவல் அனுப்பும் வேலை ஆஸ்பத்திரியுடையது, அதற்காக நீங்கள் ஓட வேண்டியதில்லை. நாங்கள் அன்று பயந்ததெல்லாம் வீண் பயம்.

“கார் நம்பரே தெரியாது, புகார் கொடுத்து என்ன ஆகப்போகுது?” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட விபத்துக்கென்றே 2022 ஏப்ரல் 1 முதல் ஒரு திட்டம் நடைமுறையில் இருக்கிறது. இடித்துவிட்டு ஓடிய வண்டியால் உயிர் போனால் 2 லட்சம், கொடுங்காயம் என்றால் 50,000 ரூபாய். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்தான். கோட்டாட்சியரோ வட்டாட்சியரோ விசாரித்து, மாவட்ட ஆட்சியர் உத்தரவிடுவார். என் நண்பருக்கு இது கிடைத்திருக்க வேண்டும்.

வண்டி தெரிந்துவிட்டால் வழி பெரிது. சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், பணம் தர வேண்டியது மோதிய வண்டியின் இன்சூரன்ஸ். யார் தவறு என்று நிரூபிக்காமலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவில் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கலாம். தவறை நிரூபித்து, வருமான இழப்பு, மருத்துவச் செலவு எல்லாம் சேர்த்து 166-வது பிரிவில் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். இரண்டில் ஒன்றுதான். 166-வது பிரிவு மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டுமென்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம். ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது 2019 திருத்தம். அந்தக் கெடு குறித்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தாலும், அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம்.

குழியில் விழுந்து அடிபட்டால் இந்த இழப்பீடுகள் எதுவும் பொருந்தாது, மோட்டார் வாகனம் சம்பந்தப்பட வேண்டும். அதற்குத் தனிநபர் விபத்துக் காப்பீடுதான் துணை. எடுக்கும்போது ‘சாகச விளையாட்டு’ என்று விலக்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வாடகைச் சைக்கிளில் பிரேக் பிடிக்காமல் போனால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டாண்டுக்குள் புகார் தரலாம், செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. ‘என்ன நடந்தாலும் நானே பொறுப்பு’ என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் கடைக்காரரின் கவனக்குறைவு அதனால் மன்னிக்கப்பட்டுவிடாது.

சீட்டில் தப்பாக எழுதிவிட்டார்கள், என்ன செய்வது என்று நண்பர் என்னிடம் கேட்டபோது ஒரு வருடம் ஓடியிருந்தது. அன்றே கேட்டிருந்தால் வழி இருந்தது. நடந்ததைத் தன் கைப்பட எழுதி, உடன் வந்தவர்கள் கையெழுத்தோடு ஸ்டேஷனில் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கலாம். ‘எங்க எல்லை இல்ல’ என்று திருப்பி அனுப்ப முடியாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-வது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிந்தாக வேண்டும். பதியவில்லையென்றால் மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்து மூலம் அனுப்பலாம். அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். நாங்கள் மூவரும் சாட்சி சொல்லத் தயாராகத்தான் இருந்தோம். எங்களிடம் யாரும் கேட்கவில்லை, நாங்களும் போய்ச் சொல்லவில்லை.