பைண்டு செய்த தொடர்கதைத் தொகுப்பு
1940–1960கள், தாள், நூல், அட்டை

வார இதழ்களில் வந்த தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து வாசகர்களே தைத்து அட்டையிட்டுக்கொண்ட இவ்வகைத் தொகுப்புகள், மதுரை உள்ளிட்ட தமிழக ஊர்களின் வீடுகளில் பரவலாக இருந்தன. பிற்கால நூல் பதிப்புகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போன ஓவியங்கள் இவற்றில் எஞ்சியுள்ளன.

ஓவியர் மையால் தீட்டிய படம், துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரிக்கப்பட்டு ‘பிளாக்’ எனப்படும் அச்சுக்கட்டையானது. கோடு மேடாக நிற்க, வெற்றிடம் பள்ளமாகும் இம்முறையில் சாம்பல் நிறத்துக்கு இடமில்லை என்பதால், இரவையும் அச்சத்தையும் காட்ட நெருக்கமான கோடுகளும் திட்டுத்திட்டான கறுப்புமே ஓவியருக்குக் கைகொடுத்தன.

எழுத்தாளர் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ (1950–54) தொடருக்கு ஓவியம் தீட்டியவர் மணியம் (1924–1968). பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலையைக் கொய்த சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைப் பழிவாங்க, பாண்டியனின் ஆபத்துதவிகள், அதாவது அரசனுக்காக உயிர்கொடுக்கச் சபதமேற்ற மெய்க்காவலர்கள், சூழ்ச்சி செய்வது இக்கதையின் இருண்ட இழையாகும். கடம்பூர் மாளிகையில் விளக்கணைந்த அறையில் நிகழும் கரிகாலனின் கொலையைச் செய்தவர் யாரென்று கதையே உறுதிபடச் சொல்லாததால், அத்தகைய காட்சியை வரைபவர் திகிலைக் காட்டவும் வேண்டும், கொலையாளியைக் காட்டிக்கொடுக்கவும் கூடாது. துப்பறியும் கதைக்கே உரிய இச்சிக்கல் இவ்வாறு சரித்திர நாவலுக்கும் வந்து சேர்ந்தது.

எழுத்தாளர் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ தொடரோ, ஆனந்த விகடன் இதழில் ஓவியர் ராஜுவின் கோடுகளோடு, குற்றக் கதையையே நகைச்சுவையாக்கியது.